வீட்டுக்கு வீடு தனி ஒயர்

1

எங்கள் வீட்டு டி.வி. இப்போது ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது. செய்தி வாசிக்கிறவரின் சட்டைப் பொத்தானை எண்ணிவிடலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நன்றாகத் தெரிகிற டி.வி.யைப் பார்த்து வயிறெரிகிறவள் இந்தக் கிழக்கு லண்டனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நைனா, என் அப்பா, திருவொற்றியூருக்குத் திரும்பிப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம். நான் வேலை செய்வது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில். இன்று காலை மலைபோல் குவிந்த உருளைக்கிழங்குக்கு நடுவில் நின்றபோது அது ஞாபகம் வந்தது. கூட வேலை செய்கிற பெண் "உடம்புக்கு என்ன" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். இந்த ஊரில் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அம்மா இறந்த பிறகு அங்கே விம்கோ நகர் வீட்டில் நைனா தனிமரமாகிவிட்டார். ஆறு மாத விசாவில் அவரை இங்கே வரவழைத்தேன். அதற்குப் பிறகும் எங்களோடேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். "வழி இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இங்கே இருக்க மனசு இருக்க வேண்டும். அவர் சம்மதிக்காமல் நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். அந்தச் சம்மதத்தை நைனா வாயிலிருந்து வாங்கத்தான் ஆறு மாதமும் தவம் கிடந்தேன்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். மகள் ஷாலினிக்குப் பன்னிரண்டு வயசு, அவளுக்கு ஸ்கூல். பகல் முழுக்க நைனா தனியாக வீட்டில். அவருக்கு இருந்தது டி.வி. ஒன்றுதான். அந்த டி.வி.யும் சரியில்லை.

2

எங்கள் கட்டடம் நாலு மாடி. கூரை மேல் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஆன்டெனா. அதிலிருந்து வருகிற ஒயர் மேல் வீட்டுச் சுவருக்குள் இறங்கி, எங்கள் வீட்டுக்கு வந்து, எங்களைத் தாண்டிக் கீழ் வீட்டுக்குப் போகிறது. நம் ஊர்த் தெருக்குழாய் மாதிரி, மேலே இருக்கிறவர் பிடித்தது போகத்தான் கீழே இருக்கிறவருக்கு.

பழைய முறை ஒளிபரப்பு சீக்கிரம் நின்றுவிடும், எல்லாரும் டிஜிட்டலுக்கு மாறுங்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நாங்களும் ஒரு பெட்டி வாங்கி வைத்தோம். பழைய முறையில் ஒரு ஆள் ரெண்டு ஆளாகத் தெரிவான், ஆனாலும் தெரிவான். டிஜிட்டலில் அந்தப் பேச்சே கிடையாது. சிக்னல் போதிய அளவு இருந்தால் படம் முழுசாக வரும். கொஞ்சம் குறைந்தாலும் கட்டம் கட்டமாக உடையும். பேசிக்கொண்டிருக்கிறவர் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடுவார். அப்புறம் திரை கறுப்பாகிவிடும்.

"இன்னாம்மா இது, வந்தா ஒரேடியா வருது, வரலன்னா ஒரேடியா பூடுது" என்றார் நைனா. "நம்மூர்ல பொரி பொரியாவாவது தெரியும். இதுக்கு நடுவாந்தரமே கெடையாதா?"

கடையில் கேட்டு ஒரு பூஸ்டர் வாங்கி வந்து சொருகினேன். வந்துகொண்டிருந்த நாலு சானலும் போயே போயிற்று. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் சொன்னார், வருகிற சிக்னலே அழுக்காக இருந்தால் பூஸ்டர் அழுக்கையும் சேர்த்துத்தான் பெருக்கும் என்று. இதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்ல மாட்டார்கள். இங்கே கேட்டதற்கு மட்டும்தான் பதில்.

3

ஊரில் எங்களுக்கு டி.வி. தெரிந்த விதமே வேறு.

தொண்ணூறுகளின் பிற்பாதி. என் வீட்டுக்காரர் முன்னால் கிளம்பி லண்டன் வந்துவிட்டார். எனக்கு விசா கிடைக்கிறவரை கைக்குழந்தையோடு நான் நைனா வீட்டில் இருந்தேன். எட்டுக் குடித்தனம் உள்ள லைன் வீடு அது. மெயின் ரோட்டில் டோல்கேட் பக்கமெல்லாம் கேபிள் வந்து ஊரே ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் சந்துக்கு வர வேண்டுமென்றால் ரயில்வே லைனைத் தாண்டி ஒயர் இழுக்க வேண்டும். அதற்கு இன்றைக்கு ஆள் வரும், நாளைக்கு ஆள் வரும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் எட்டு வீட்டுக்கும் மொட்டை மாடியில் ஒரே ஆன்டெனா, அதிலிருந்து எட்டுப் பக்கமும் ஒயர். கடல் காற்று உப்பு, இரும்பானாலும் அலுமினியமானாலும் அரித்துவிடும். முனையெல்லாம் வெள்ளை பூத்துப்போகும். நைனா பிளேடும் மண்ணெண்ணெய்த் துணியுமாக மேலே ஏறிவிடுவார்.

நைனாவுக்குத் துறைமுகத்தில் விஞ்ச் டிரைவர் வேலை. கப்பலின் வயிற்றுக்குள் சரக்கை இறக்குகிறவர். இறங்குகிற சரக்கு அவர் கண்ணுக்குத் தெரியாது. கப்பல் வாயோரம் ஒருவர் நின்று கை காட்டுவார். அந்தக் கையைப் பார்த்துத்தான் இறக்குவது, தூக்குவது, நிறுத்துவது எல்லாம். வாழ்நாள் பூராவும் அப்படியே வேலை செய்த மனுஷன், வீட்டிலும் தனியாக ஒரு வேலை செய்ய மாட்டார். எதற்கும் நடுவில் ஆள் நிறுத்துவார். ஆன்டெனா திருப்பும்போது அவர் மாடியில், பக்கத்து வீட்டு ரெஜினாக்கா படிக்கட்டில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் டி.வி. முன்னால்.

"இன்னா, வர்தா?" என்று மேலேயிருந்து குரல் வரும்.

"வர்தான்னு கேக்குறாரு" என்பாள் ரெஜினாக்கா.

"தல வர்து, ஒடம்பு வரல" என்பேன் நான்.

"தல மட்டும் வர்தாம்ணா."

"நியூஸ்தான? தல போதும், வுடு."

அதற்குள் மூன்றாவது வீட்டிலிருந்து ஒருத்தி கத்துவாள். "எங்க வூட்ல இருந்ததும் பூட்ச்சி. இன்னா பண்ணிகினு கீறீங்க மேல?" அவளுக்காக மறுபடி திருப்புவார். இப்படிப் பொழுது சாய்ந்துவிடும், பாதிப் படமும் போய்விடும். ஒருவரும் வருத்தப்பட்டதில்லை. புதுசாகக் குடிவந்தவர்கள் பால் காய்ச்சியதும் முதல் வேலை, அவர்களுக்கும் ஒரு ஒயர் முறுக்கிக் கொடுப்பது. ஒரு வீடு கூடக்கூட எல்லா வீட்டிலும் படம் கொஞ்சம் மங்கும். தர முடியாது என்று சொன்னவர் அந்த லைனில் இல்லை. நல்ல படம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது என்பதும் உண்மைதான்.

4

லண்டனுக்கு வந்த நைனா சுவரிலிருந்த டி.வி. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒயர் முனை கறுத்துப்போயிருந்தது. பிளேடால் சுரண்டி முறுக்கியதும் படம் வந்தது. கையை எடுத்ததும் போயிற்று. திரும்ப முறுக்கப்போனவர் சட்டென்று நிறுத்தினார்.

"இந்த ஒயரு நம்மள தாண்டி கீழ போவுதும்மா. கீழ் வூட்ல இன்னா ஆவுதுன்னு தெரியாம இத்த தொடக்கூடாது."

"நைனா, அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"எத்தினி வருசமா இங்க கீற?"

அவர் ஷாலினியை இழுத்துக்கொண்டு இறங்கிப்போய்க் கீழ் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்.

கீழே இருந்தவர் பெர்னார்டு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர், முழங்கால் வலிக்காரர், தனி ஆள். அவர் வீட்டிலும் படம் உடைந்துகொண்டிருந்தது. ஷாலினி ஆங்கிலத்தில் விளக்கியதும் அவர் சம்மதித்துத் தன் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டாராம். அன்றைக்கு எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் திருவொற்றியூர் வந்து இறங்கிவிட்டது. மேலே நைனா சாக்கெட்டோடு, கீழே பெர்னார்டு டி.வி.யோடு, நடுவில் ஷாலினி.

"ஷாலு, வர்தா?"

"வரலையாம் தாத்தா."

"இப்போ?"

"வந்துச்சாம். போச்சாம்."

ரெண்டு மூன்று நாள் இது நடந்தது. அப்புறம் அவளுடைய சிநேகிதி ஒருத்தி படியில் பார்த்துவிட்டாள். அன்று ராச்சாப்பாட்டின்போது ஷாலினி தட்டைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள், இனி நான் படியில் நின்று கத்த மாட்டேன், எனக்கு அசிங்கமாக இருக்கிறது என்று. என்ன சொன்னாள் என்று நைனா என்னைக் கேட்டார். பரீட்சை வருகிறதாம், படிக்க வேண்டுமாம் என்றேன். "படிக்கட்டும், படிக்கட்டும். படிப்புதான் முக்கியம்" என்றார்.

நடுவில் ஆள் இல்லாமல் போனதும் பெர்னார்டே ஒரு வழி கண்டுபிடித்தார். துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையில், அதாவது எங்கள் வீட்டுத் தரையில், தட்டுவார். ஒரு தட்டு என்றால் படம் வந்தது. ரெண்டு தட்டு என்றால் போயிற்று. நைனாவுக்குப் பரம திருப்தி. "வேல தெரிஞ்சவன்மா. கைகாட்ட ஆளு வேணும்னு புரிஞ்சிகினான் பாரு."

படம் நிலையாக ஒரு மணி நேரம் வந்தால் அதிகம். போனதும் பெர்னார்டு தட்டுவார், நைனா முறுக்குவார், சரியாகிவிட்டதா பார்க்கிறேன் என்று கீழே இறங்குவார். நாலு மணிக்குப் பழைய சாமான்களை ஏலம் விடுகிற நிகழ்ச்சி ஒன்று வரும். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது வீடு காலியாக இருந்தது. பதறிப்போய்க் கீழே ஓடினேன். ரெண்டு கிழவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் காட்டுகிற கடிகாரம் எவ்வளவுக்குப் போகும் என்று விரலை நீட்டிப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவர் நைனா. பெர்னார்டு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நம்ம ஹார்பர்ல, யாரும் கேக்காத சரக்கெல்லாம் ஏலம் வுடுவாங்கோ. அந்த மாரிதான் இதுவும்" என்றார் நைனா படியேறும்போது.

"அவரோட என்ன பாஷைல பேசுற நைனா?"

"அவன் அவன் பாஷைல பேசறான், நான் என் பாஷைல பேசறேன். ரெண்டு பேருக்கும் காதும் சரியா கேக்காது. இன்னா இப்போ? நல்ல தோஸ்து."

எனக்கு அது சந்தோஷமாக இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கூச்சமாக இருந்தது. பெற்ற மகள் வீட்டில் டி.வி. தெரியாமல் ஊரான் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாரே, இப்படி இருந்தால் இவர் எப்படி இங்கே தங்கச் சம்மதிப்பார் என்றுதான் என் புத்தி ஓடியது. இந்தப் படத்தை மட்டும் சரிசெய்துவிட்டால் மனுஷன் நிலைத்து உட்கார்ந்துவிடுவார் என்று அடித்துச் சொல்லிக்கொண்டேன்.

5

வீட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டுக் கேள். கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"பழுது உங்கள் வீட்டுக்குள்ளா, பொதுப் பகுதியிலா? வீட்டுக்குள் என்றால் உங்கள் பொறுப்பு. பொதுப் பகுதி என்றால் எங்கள் ஒப்பந்தக்காரர் வருவார்."

"ஒயர் சுவருக்குள் இருக்கிறது."

"சுவரின் எந்தப் பக்கம்?"

"சுவருக்கு உள்ளே" என்றேன்.

அதற்கு அவர்களிடம் பிரிவு இல்லை போலிருக்கிறது. எனக்கோ கோபம் வந்தால் ஆங்கிலம் ஓடிவிடும், விம்கோ நகர்ப் பேச்சுதான் வாயில் வரும். பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் அவள் ஒரு வழி சொன்னாள். பல வீடுகளிலிருந்து புகார் வந்தால் பொதுப் பழுது என்று எடுத்துக்கொள்வார்களாம்.

நான் தனியாகப் போய்க் கதவைத் தட்டியிருந்தால் புகார் சொல்ல எவரும் போனை எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்குள் கட்டடத்துக்கே நைனாவைத் தெரிந்திருந்தது. ஒயர் அங்கிருந்துதானே வருகிறது என்று மேல் வீட்டுக் கதவையும் அவர் தட்டியிருந்தார். "அந்தத் தாத்தாவுக்காகவா? இதோ" என்று ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். ஒப்பந்தக்காரர் ஆட்கள் வந்து கூரையில் புது ஆன்டெனா நிறுத்தி, பெரிய பூஸ்டர் பெட்டி வைத்து, அதிலிருந்து வீட்டுக்கு வீடு தனி ஒயர் இறக்கினார்கள். பழைய சாக்கெட்டைத் திறந்த ஆள் நைனாவின் முறுக்கலையும் கறுப்பு டேப்பையும் பார்த்துச் சிரித்தார். "இனி இதெல்லாம் வேண்டாம். ஒரு வீட்டில் என்ன ஆனாலும் இன்னொரு வீட்டுக்குத் தெரியவே தெரியாது" என்றார். நைனாவுக்கு அதை நான்தான் தமிழில் சொன்னேன், பெருமையாக.

"அப்டியா" என்றார்.

6

படம் அன்றைக்கே வந்தது, இன்றுவரை நிற்கவில்லை. நாலு மணிக்கு ஏலம் தொடங்கியதும் நைனா எழுந்து ஷூவை மாட்டினார். அன்று எனக்கு லீவு.

"எங்க நைனா?"

"கீழ பாத்துட்டு வரேன். அவனுக்கு வர்தா இல்லியான்னு."

"எல்லாருக்கும் நல்லா வருது. இனிமே போய் நிக்காத. இந்த ஊர்ல காரணம் இல்லாம ஒருத்தர் கதவைத் தட்டினா தப்பா நினைப்பாங்க. அவருக்கு வேணும்னா அவரே கூப்பிடுவார்."

கையில் ஷூ நாடாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கழற்றி வைத்தார். "அதுவும் சரிதான். கூப்டுவான்" என்றார்.

பெர்னார்டு கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை, மறுவாரமும் இல்லை. நைனா எங்கள் சோபாவில் தனியாக உட்கார்ந்து தெளிவான ஏலத்தைப் பார்த்தார். விரலை நீட்டவில்லை. நான் வந்து கதவைத் திறக்கிறபோது பெரும்பாலும் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார். ஷாலினி தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

வக்கீலைப் பார்க்கப் போக வேண்டிய நாளும் வந்தது. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"வேணாம்மா. நான் ஊருக்குப் போறேன்."

"இங்க உனக்கு இன்னா கொறச்சல் நைனா?" பல வருஷமாக நான் பேசாத பேச்சு தானாக வந்தது. "சொல்லு, இன்னா கொறச்சல் வெச்சிகீறேன்?"

"ஒரு கொறையும் இல்ல செல்வி. அதான் பேஜாரா கீது. ஒண்ணு ரிப்பேராவணும், ஒருத்தன் கூப்டணும், போய்ப் பாக்கணும். ஒண்ணுமே இல்லாம நாளெல்லாம் சொம்மா குந்திகினு இருந்தா இன்னாத்துக்கு இருக்கோம்னு தோணுது."

"அங்க மட்டும் யாரு கீறாங்க? அங்கயும் இப்போ வூட்டுக்கு வூடு கேபிளுதான?"

"கேபிளுதான். ஆனா கதவு தொறந்து கீது."

அதற்குமேல் எதை வைத்து வாதாட? அடுத்த வாரம் விமானம் ஏற்றிவிட்டோம். உள்ளே போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லவேளை, என் மூஞ்சி பார்க்கிற மாதிரி இல்லை.

7

அவர் போன மறுவாரமே ஒரு சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் பெர்னார்டு. தலையைப் படிய வாரி, கோட்டு போட்டிருந்தார். முழங்கால் வலியோடு படியேறியதில் மூச்சு வாங்கியது. தன் டி.வி.யில் படம் வரவில்லை என்றார். உங்கள் அப்பா ஒரு நிமிஷம் கீழே வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

நைனா போய்விட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பார்க்கிறேன் என்று அவரோடு இறங்கினேன். அவர் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஏலம்தான். ஒரு கட்டம் இல்லை, ஒரு கோடு இல்லை, எங்கள் வீட்டைப் போலவே பளிச்சென்று இருந்தது. ரெண்டு நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மேஜை மேல் ரெண்டு கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது.

அவர் டி.வி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "இப்போது சரியாகிவிட்டது போலிருக்கிறது" என்றார்.

அப்போதுதான் சொன்னேன், அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று. எப்போது வருவார் என்று கேட்டார். வர மாட்டார் என்றேன். பெர்னார்டு மெதுவாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார். "இது கெட்டுப்போகும், அவரைக் கூப்பிடலாம் என்று தினமும் காத்திருந்தேன். கெடவே இல்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனாவுக்குப் போன் போட்டபோது இதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, "நைனா, கேக்குதா?" என்றேன்.

"கேக்குது கேக்குது" என்றார். "அதுக்கோசரந்தாம்மா நானும் காத்துகினு இருந்தேன்."